மூடியில் இரண்டாவது துளை

அன்று வண்டியில் ஐந்து பேர் இருந்தோம். ஸ்டியரிங்கில் அப்பா. அவர் பக்கத்தில் ஏழுமலை மாமா, காலுக்கிடையில் ஸ்பேனர் பை. பின்சீட்டில் அம்மா. அம்மா மடியில் தம்பி பாபு, மூன்று வயது, நல்ல தூக்கம். ஜன்னலோரம் நான். எனக்குப் பத்து வயது. வண்டிக்குள் டீசல் வாடை. போன மாதம்வரை அதே சீட்டில் பெட்ரோல் வாடை அடித்தது. பெட்ரோல் வாடை மூக்கைத் தொட்டுவிட்டுப் போய்விடும். டீசல் வாடை தலைமுடியிலும் பாவாடையிலும் ஏறிக்கொண்டு, குளித்தாலும் போகாது. புது எஞ்சின் போட்டபின் முதல்முறையாகக் குடும்பத்தோடு கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். நிக்டி என்கிற ஊரைத் தாண்டியதும் எஞ்சின் இரண்டுமுறை இருமியது. பிறகு இளைப்பு வந்தவன் மூச்சுக்கு இழுப்பதுபோல ஏறி இறங்கியது. பிறகு நின்றது.

"கொழாயப் பாருங்க," என்றாள் அம்மா.

அப்பா குனிந்து பார்த்தார். குழாய் திறந்துதான் இருந்தது.

அந்த வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாங்கள் மராட்டியப் பக்கம், தேஹு ரோட்டில் குடியிருந்தோம். அப்பாவுக்கு ராணுவ டிப்போவில் பெட்டி அடிக்கிற வேலை. மாற்றலாகிப் போன ஒரு ஆபீசர் தன் பழைய வெள்ளைக் காரை அப்பா தலையில் கட்டிவிட்டுப் போனார். வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லைன் வீடுகளில் கார் வைத்திருந்தது நாங்கள் மட்டும்தான். ஆனால் அது வாசலிலேயே நிற்கும். அது குடிக்கிற பெட்ரோலுக்கு அப்பாவால் ஈடுகொடுக்க முடியவில்லை. ஏழுமலை மாமா ஆகுர்டியில் ஒரு ஷெட்டில் மெக்கானிக். ஆரணிப் பக்கம், அம்மாவின் பக்கத்து ஊர். ரத்த உறவு கிடையாது. இருந்தாலும் அம்மாவுக்கு அண்ணன், எங்களுக்கு மாமா, அப்பாவுக்கு மச்சான். அவர்தான் முன்பக்கம் நசுங்கிப்போன ஒரு டெலிவரி வேனிலிருந்து டீசல் எஞ்சினைக் கழற்றி, மூன்று ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாசலில் படுத்துக் கிடந்து, அந்தக் காருக்குள் இறக்கினார். "ஒடம்பு ஒருத்தன்து, உசுரு இன்னொருத்தன்து, எத்தனி நாளைக்கு ஒட்டும்?" என்று லைனில் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. "ஒட்டும்" என்றார்.

எங்கள் பக்கம் வாசலில் நிறுத்திய வண்டி காணாமல் போவது அப்போது சாதாரணம். அதனால் மாமா டீசல் வருகிற லைனில், டிரைவர் சீட்டுக்கு அடியில், ஒரு சின்னப் பித்தளைக் குழாய் வைத்தார். கைப்பிடி லைனோடு சேர்ந்து இருந்தால் திறப்பு. குறுக்கே திருப்பினால் அடைப்பு. இரவு வண்டியை நிறுத்தும்போது அடைத்துவிட வேண்டும். திருடன் ஸ்டார்ட் செய்தாலும் பில்டரில் மிச்சமிருக்கிற டீசலில் கொஞ்ச தூரம் ஓடிவிட்டு நின்றுவிடும். ஓடிப்போய்ப் பிடித்துவிடலாம். எங்கள் வீட்டில் அதற்குப் பேர் "திருட்டுக் கொழாய்". காலையில் திறக்க மறந்துவிட்டுக் கிளம்பி, முனை தாண்டி நின்ற நாட்களும் உண்டு. அதனால்தான் வண்டி நின்றால் அம்மா முதலில் அதைக் கேட்பாள்.

நிக்டியில் நின்ற அன்று அப்பா இறங்கிப் பின்னால் போய் டீசல் டேங்கின் மூடியைத் திறந்து, டீசல் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார். முக்கால் டேங்குக்கு மேல் இருந்தது. மாமா பானெட்டைத் தூக்கி, பில்டர் பக்கத்தில் இருக்கிற கைப்பம்பைக் கட்டை விரலால் அடித்தார். "ஏர் புடிச்சிருக்கு, மாப்ள." கொஞ்ச நேரம் அடித்ததும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. வீடு வந்து சேர்ந்தோம்.

அது ஆரம்பம்தான். வாரத்துக்கு இரண்டு தடவை நின்றது. சில வாரம் ஒன்றுமில்லை. நிற்கும்போதெல்லாம் ஒரே மாதிரி: இருமல், இழுப்பு, நிறுத்தம். அப்பா பின்னால் போய் மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பார். மாமா முன்னால் பம்ப் அடிப்பார். ஓடும். பம்ப் அடித்ததால் ஓடியது என்று எல்லோரும் நம்பினோம். எங்கேயோ காற்று உள்ளே போகிறது என்று சொல்லி மாமா வாஷர் மாற்றினார், ரப்பர் ஓஸ் மாற்றினார், பில்டர் மாற்றினார். லைனில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். பாட்டரி என்றார் காய்கறிக்கார மராட்டியர். டீசலில் தண்ணீர் என்றார் ரிட்டையர்டு சுபேதார். அப்பாவும் டீசல்மேல்தான் சந்தேகப்பட்டார், ஏனென்றால் டீசல் போட்ட நாளில்தான் அதிகம் நிற்பதுபோல இருந்தது. பங்க் மாற்றிப் பார்த்தார். புது பங்கில் போட்ட அன்றும் நின்றது.

"இன்னா மச்சான், ஊர்ல இருக்கற பங்கு எல்லாம் தண்ணி ஊத்தறானா?"

"ஊத்தறான் மாப்ள. ஒன் எஞ்சினுக்கு மட்டும் எடுத்து வெச்சு ஊத்தறான்."

இரண்டு பேரும் சண்டை போடுவார்கள், போன தடவை எங்கே நின்றது, எத்தனை நாள் முன்னால் என்று. இரண்டு பேருக்கும் ஞாபகம் இருக்காது. எனக்கு அந்தச் சத்தம் பிடிக்காது. அதனால் என் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். எங்கே நின்றது, வண்டி ஓடி எவ்வளவு நேரம், டீசல் முள் எங்கே இருந்தது. வேறொன்றும் எழுதவில்லை. பத்துப் பன்னிரண்டு வரி சேர்ந்ததும் எனக்கே தெரிந்தது. முள் பாதிக்குக் கீழே இருந்தபோது வண்டி நின்றதே இல்லை. டேங்க் நிரம்பி இருந்தால் சீக்கிரம் நின்றது. எந்த பங்க் என்பது விஷயமே இல்லை.

மாமாவிடம் காட்டினேன். தலையைச் சொறிந்தார். டீசல் குறைவாக இருந்தால் நிற்கிற வண்டியைப் பார்த்திருக்கிறார். நிறைய இருந்தால் நிற்கிற வண்டியை அவர் பார்த்ததில்லை.

விடை ஒரு புதன்கிழமை கிடைத்தது. அப்பா டூட்டியில் இருந்தார். மாமா என்னையும் அம்மாவையும் ரேஷன் கடைக்குக் கூட்டிப்போனார். டேங்க் முழுசு. திரும்பும்போது நின்றது. மாமா பம்ப் அடித்தார். அடித்தார், அடித்தார், கட்டை விரல் சிவந்துபோனது, எஞ்சின் பிடிக்கவில்லை. அன்று மட்டும் ஏன் என்று யோசித்தேன். அப்பா இல்லை. அப்பா இல்லாததால் பின்னால் போய் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. இறங்கிப் போய் மூடியைத் திருகினேன். "ஸ்ஸ்ஸ்" என்று டேங்க் காற்றை உள்ளே இழுத்தது. என் கையே நடுங்கும்படி இழுத்தது. மாமா அடுத்த அடி அடித்ததும் எஞ்சின் ஓடியது.

மாமா ரோட்டோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

விஷயம் இதுதான். டீசல் எஞ்சின் எரித்தது போக மிச்ச டீசலை டேங்குக்கே திருப்பி அனுப்பும். அதற்கு ஒரு தனி வழி வேண்டும். பெட்ரோல் டேங்கில் அந்த வழி இல்லை. டேங்கைக் கழற்றித் துளை போடச் சோம்பல் பட்டு, டேங்க் மூச்சு விடுவதற்காக மேலே இருந்த சின்னக் குழாயில் மாமா அந்த லைனை மாட்டிவிட்டார். டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும், வர வழியில்லை. டேங்க் நிரம்பியிருந்தால் உள்ளே இருக்கிற காற்று கொஞ்சம், அது சீக்கிரமே டீசலை வெளியே விடாமல் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அப்பா டீசல் இருக்கிறதா என்று பார்க்க மூடியைத் திறந்த ஒவ்வொரு தடவையும் அவருக்குத் தெரியாமலே வண்டியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் லைனில் எல்லோரும் கேட்க மாமா சொன்னார். "எம் மேலதான் தப்பு, தங்கச்சி." மூடியைக் கழற்றி நடுவில் மெல்லிசாக ஒரு துளை போட்டார். அதோடு சரி. அதற்கப்புறம் வண்டி நிற்கவில்லை. இரண்டு மாதம் ஓடியது. ஒரு தடவை லோணாவ்ளா வரைக்கும் போய்வந்தோம், ஃபுல் டேங்கில்.

அந்த இரண்டு மாதத்தில்தான் பரீட்சைப் பேச்சு வந்தது. நான் படித்தது இந்திப் பள்ளி. தமிழ் எழுத்து அம்மா வீட்டில் சொல்லிக்கொடுத்தது. கணக்கு எனக்கு வரும். வகுப்பு டீச்சர் அம்மாவைக் கூப்பிட்டு, சர்க்காரே தங்கவைத்துப் படிக்கவைக்கிற ஒரு பள்ளி இருக்கிறது, பன்னிரண்டாவது வரை ஒன்றும் கட்ட வேண்டாம், நுழைவுப் பரீட்சை எழுதட்டும் என்றார். ஐந்தாவது படிக்கிற பிள்ளைகள் மட்டும் எழுதலாம். ஒரே ஒரு தடவைதான். அம்மா வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் என் கையை விடவில்லை. அப்பா விண்ணப்பப் பாரத்தில் கையெழுத்துப் போட்டார். "சரி" என்றார். அப்பா வீட்டில் எதற்கும் மாட்டேன் என்று சொன்னதில்லை.

ஒருநாள் அவர் மாமாவிடம் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"பொட்டப் புள்ள, மச்சான். அத்தனி தூரம் ஹாஸ்டல்ல வுட்டுட்டு நான் தூங்குவனா?"

"அப்போ தங்கச்சிகிட்ட சொல்லு."

"சொல்லிட்டு நீ உயிரோட வா, பாக்கலாம்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பரீட்சை கட்கியில் ஒரு பள்ளியில். பத்தரைக்குக் கேட் மூடுவார்கள் என்று பரீட்சை அனுமதிச் சீட்டில் போட்டிருந்தது. "லோக்கல்ல போயிடுங்க, நேரா எறக்கி வுட்டுடும்," என்றாள் அம்மா. "வாசல்ல வண்டி இருக்கறப்ப எம் பொண்ணு ரயில்ல தொங்கிக்கினு போவணுமா?" என்றார் அப்பா. எனக்குப் பெருமையாக இருந்தது. பாபுவுக்குக் காய்ச்சல், அம்மா வரவில்லை. தலையை எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னி, இரண்டு பென்சிலும் சீவிக் கொடுத்தாள்.

எட்டரைக்குக் கிளம்பினோம். வண்டி நன்றாக ஓடியது. தாப்போடியில் அப்பா டீ குடிக்க நிறுத்தினார். எனக்கு பிஸ்கட் வாங்கிவந்தார். திரும்பி சீட்டில் உட்கார்ந்ததும் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார். கிளம்பினோம். ஆற்றுப் பாலம் தாண்டி அந்தப் பக்கம் இறங்கியதும் எஞ்சின் இருமாமல், இழுக்காமல், நின்றது.

"கொழாய்?" என்றேன்.

"பாத்துட்டேன். நீ உக்காரு. ரெண்டு நிமிஷம்."

பானெட்டைத் தூக்கினார். பம்ப் அடிக்கிற சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. ஆட்டோ போனது. பள்ளி இன்னும் எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியாது. "அப்பா, ஆட்டோல போயிடலாமா?" என்றேன். "வண்டிய ரோட்ல வுட்டுட்டா? ரெண்டு நிமிஷம் பாப்பா." ஒரு பால்காரர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, என்ன ஆச்சு, வண்டி நின்றுவிட்டதா என்று மராட்டியில் கேட்டார்.

"காய் ஜாலா? காடி பந்த் பட்லி கா?"

பரீட்சை என்று நான் சொன்னேன். பின்னால் இருந்த பால் கேனைத் தட்டிக்காட்டி, ஒன்றை இங்கே இறக்கிவைத்துவிட்டுப் பெண்ணை நான் கொண்டுபோய் விடவா என்று கேட்டார். "நகோ பாவு, தோன் மினிட்," வேண்டாம், ரெண்டு நிமிஷம்தான் என்றார் அப்பா. பால்காரர் போய்விட்டார். பக்கத்துத் தண்டவாளத்தில் ஒரு லோக்கல் போனது. அரை மணி நேரம் கழித்து இன்னொன்று.

எனக்கு அழுகை வந்தது. அழுதால் வண்டி ஓடாது. அதனால் இறங்கினேன். முதலில் பின்னால் போய் மூடியைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. துளையில் வாய் வைத்து ஊதினேன், காற்று தாராளமாகப் போனது. முன்னால் வந்து பில்டரின் கண்ணாடிக் கிண்ணத்தைப் பார்த்தேன். காலி. டேங்க் முக்கால் இருக்கிறது, மூடி மூச்சு விடுகிறது, கிண்ணத்துக்கு டீசல் வரவில்லை. நடுவில் இருப்பது ஒரே ஒரு சாமான்.

டிரைவர் பக்கக் கதவைத் திறந்து சீட்டுக்கு அடியில் கை விட்டேன். கைப்பிடி குறுக்கே இருந்தது.

அப்போதும் உடனே புரியவில்லை. காலையில் திறக்க மறந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். ஆனால் மறந்திருந்தால் எங்கள் லைன் முனையிலேயே நின்றிருக்கும். தாப்போடிவரை முக்கால் மணி நேரம் ஓடி வந்திருக்காது. செருப்பு வாரை அவர் இடது கையால் சரிசெய்தார். வலது கை சீட்டுக்கு அடியில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் நான் பிஸ்கட் தின்றேன்.

நிமிர்ந்தபோது பானெட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இருந்த இடுக்கு வழியாக அப்பா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குழாயைத் திருப்பினேன். "தெறந்துட்டேன்பா," என்றேன்.

அவர் மறுபடி குனிந்தார். பம்ப் அடித்தார். இந்தத் தடவை கிண்ணம் நிரம்பியது. உள்ளே வந்து உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். எஞ்சின் பிடித்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பத்தே முக்கால். கேட்டு மூடியிருப்பாங்க பாப்பா."

வண்டியைத் திருப்பினார். வீடுவரை எங்கேயும் நிற்கவில்லை.

அம்மா வாசலிலேயே இருந்தாள். "எப்டி எழுதின?" என்றாள். "வண்டி நின்னுடுச்சு," என்றார் அப்பா. அம்மா என்னைப் பார்த்தாள். "ஆமாம்மா, நின்னுடுச்சு," என்றேன். அது பொய்யில்லை. பொய் அதற்கப்புறம் வந்தது.

அம்மா ஷெட்டுக்கு ஆள் அனுப்பினாள். மாமா வேலை உடையோடு ஓடி வந்தார். அம்மா அவரை லைன் முழுக்கக் கேட்கும்படி பேசினாள். உன்னை நம்பித்தானே அண்ணா ஏத்தி அனுப்புனேன், எம் பொண்ணு வாழ்க்கைய ஓட்டை எஞ்சின்ல வெச்சுட்டியே என்றாள். மாமா முழுசும் கேட்டுக்கொண்டார். என்னிடம் வந்தார்.

"இழுத்துச்சா, பாப்பா? நின்னதும் மூடியத் தெறந்தியா?"

"தெறந்தேன்."

"சத்தம் வந்துச்சா?"

அப்பா கதவுப் பக்கம் நின்றிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

"வந்துச்சு, மாமா," என்றேன்.

மாமா மூடியைக் கழற்றினார். துளையில் ஊதினார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். மறுபடி ஊதினார். காற்று நேராகப் போனது எனக்கே கேட்டது. என்னை ஒரு தடவை பார்த்தார், அப்பாவை ஒரு தடவை பார்த்தார். பிறகு பையிலிருந்து டிரில்லை எடுத்து, மூடியைக் கால் பெருவிரல்களுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டு, நல்ல துளைக்குப் பக்கத்தில் இன்னொரு துளை போட்டார். பிசிறைத் துணியால் துடைத்தார்.

"எம் மேலதான் தப்பு, தங்கச்சி."

அவர் அதற்கப்புறம் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரவில்லை. எஞ்சின் மாற்றுகிற வேலையை லைனில் யாரும் அவரிடம் கொடுக்கவில்லை. அந்தப் பொண்ணு பரீட்சையைக் கெடுத்த மெக்கானிக் என்றார்கள். மறுவருஷம் ஷெட்டை விட்டுவிட்டு நாசிக் பக்கம் போய்விட்டார். எங்கே இருக்கிறார் என்று தெரியாது. அப்பா என்னை ஏமாற்றினார். அது ஒரு காலைப்பொழுதோடு போயிற்று. நான் மாமாவை ஏமாற்றியது இன்றுவரை இருக்கிறது. அம்மாவுக்கு இரண்டுமே தெரியாது. ஏழுமலை பேரைக் கேட்டால் இப்போதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

நான் எட்டாவதோடு நின்றேன். அதற்கும் வண்டிக்கும் சம்பந்தமில்லை. அம்மா முதுகு வலியில் படுத்துவிட்டாள், வீட்டைப் பார்க்க ஆள் வேண்டும். அப்பா கெட்டவர் இல்லை. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். கடைசி இரண்டு வருஷம் என்னிடம்தான் இருந்தார். குளிப்பாட்டிவிட்டேன், ஊட்டிவிட்டேன். அந்தக் குழாயைப் பற்றி அவர் பேசவில்லை. நான் கேட்கவில்லை. போன வருஷம் போய்ச் சேர்ந்தார்.

இப்போது தேஹு ரோடு ஸ்டேஷனில் ஆட்டோ ஓட்டுகிறேன். எங்கள் லைனை இடித்துவிட்டார்கள். சீட்டுக்கு அடியில் பித்தளைக் குழாய் வைத்த வண்டியைப் பார்த்து வெகுநாள் ஆகிறது. வண்டி நின்றால் ஷெட்டில் ஒயரைச் செருகித் திரையைப் பார்க்கிறார்கள். மூடியைத் திறந்து காது வைக்கிறவர் இல்லை. பெட்ரோல் காருக்குள் டீசல் எஞ்சினை இறக்க இப்போது யாரும் துணிவதும் இல்லை.

போன மாதம் ஒரு அம்மாள் கட்கிக்கு சவாரி கேட்டார். அந்தப் பக்கம் நான் போவதில்லை. அன்று ஏனோ போனேன். அவர் இறங்கிய இடத்துக்கு எதிரே அந்தப் பள்ளி. பேர்ப்பலகையை வைத்துத் தெரிந்துகொண்டேன்; அதுவரை அந்தக் கேட்டை நான் பார்த்ததில்லை. பிள்ளைகள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு ஆள் இல்லாத வண்டிக்கு மீட்டரைப் போட்டுக்கொண்டு கேட்டிலிருந்து கிளம்பினேன். பாலம் ஏறுவதற்கு முன்னால், அன்று எங்கள் வண்டி நின்ற இடத்தில் ஓரம் கட்டி மீட்டரைப் பார்த்தேன்.

ஒன்று புள்ளி எட்டு கிலோமீட்டர்.